குளியலறையில் ஒரு மணி நேரம்

என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள், மிஷன் ஆஸ்பத்திரியில் வயதான ஒரு சிஸ்டர் எங்கள் இருவரையும் வார்டின் கோடியில் இருந்த குளியலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைத் தாழிட்டார். "இதைக் கத்துக்க ஆம்பளைங்க யாரும் வர்றதில்ல. நீங்க வந்திருக்கீங்க, நல்லது" என்றார். நான் விரும்பி வரவில்லை. அவள் என் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. அதை எடுத்துவிட்டுக் கீழ்வழியைத் தைத்து மூடியிருந்தார்கள். பெருங்குடலின் முனையை இடது அடிவயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சிவப்பாக, எப்போதும் ஈரமாக, உதட்டின் உட்பக்கம் போல இருக்கும். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும். எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது, வந்தால் அடக்கவும் முடியாது. வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் நல்ல பைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது சாதாரணப் பிளாஸ்டிக் பையும் ஒரு பெல்ட்டும். அது முதல் நாளே ஒழுகியது.

அதனால் சிஸ்டர் வேறு வழி சொல்லித் தந்தார். எனிமா கேனில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில் மாட்ட வேண்டும். ரப்பர் குழாயின் முனையைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் புட்டியின் ரப்பர் காம்புக்குள் நுழைத்து, வயிற்றுத் துளையில் மெல்ல வைக்க வேண்டும். காம்பு அடைப்பாக இருந்து தண்ணீர் வெளியே வழியாமல் பார்த்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு முக்கால் மணி நேரம் கக்கூஸில் உட்கார்ந்தால் எல்லாம் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறை வழியாக வெளியேறிவிடும். அதன் மேல் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டிக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு நாளுக்குக் கவலையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்தில் செய்ய வேண்டும். "நேரம் தப்பக் கூடாது. குடலுக்குப் பழக்கம்தான் எல்லாம்" என்றார் சிஸ்டர்.

ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக நான் இருந்தேன். அவள் அதே ஊரில் பால்வாடி டீச்சர். எங்கள் குவார்ட்டர்ஸின் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், தகரக் கதவோடு இருந்தது. அதன் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். உட்கார முக்காலி ஒன்று செய்து, நடுவில் பலகையை அறுத்தெடுத்தேன். ஏற்காட்டுத் தண்ணீர் மார்கழியில் கையை வெட்டும். அதை விறகடுப்பில் காய வைத்து, என் முழங்கையை விட்டுப் பார்த்து, அவள் முழங்கையையும் விட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் கேனில் ஊற்றுவேன்.

"ஏனுங்க, இன்னும் துளி பச்சத்தண்ணி ஊத்துங்க" என்பாள். ஊற்றுவேன்.

கேனை மாட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அவளுக்குத் தலைசுற்றலோ வயிற்று இழுப்போ வந்தால் கூப்பிடுவாள் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு அது பேசும் நேரமாகிவிட்டது. பால்வாடியில் எந்தக் குழந்தை எதைத் தின்றது, எந்தக் குழந்தை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதது என்று அவள் சொல்லுவாள். கூலியாட்களை மேய்க்கும் மூப்பனோடு நான் போட்ட சண்டையைச் சொல்லுவேன். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசியது அந்தத் தகரக் கதவின் இரண்டு பக்கமும் இருந்துதான்.

குழந்தைகளை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அது மட்டும்தான் வெளியே தெரிந்த மாற்றம். வேறு யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரிலிருந்து வந்தது சம்பந்தம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் சேலத்திலிருந்து போன கிறிஸ்தவக் குடும்பம். கண்ணியமான ஆட்கள். பெண் பார்க்க வந்த அன்று, என் மனைவி சமையலறையில் மகளின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. "அம்மாளுக்கு இப்படீன்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்றாத கண்ணு. கேன்சருன்னு கேட்டாப் பொண்ணுக்கும் வருமோன்னு பயந்துக்குவாங்க." மகள் தலையை ஆட்டினாள். கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளும் நான் தண்ணீர் காய வைத்தேன்.

இரண்டாம் வருஷம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று மாப்பிள்ளை கடிதம் எழுதினார். விமான டிக்கெட்டும் வந்தது. என் மனைவி அந்தக் கடிதத்தைப் பால்வாடிக்கும் எடுத்துப் போய், சத்துணவு ஆயாவிடம் வாசித்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அந்த ஊருல எப்படிங்க பண்றது? பிளேன்ல வந்திருச்சுன்னா என்னங்க பண்றது?"

திட்டம் போட்டோம். காலையில் மதராசில் ஒரு லாட்ஜில் குடலைக் கழுவிக்கொள்வது, மாலையில் விமானம் ஏறுவது, அன்று முழுவதும் நெய் விட்ட கஞ்சி மட்டும். வெங்காயம், பயறு, முட்டை எதுவும் முந்தின நாளிலிருந்தே கிடையாது. கேனையும் குழாயையும் ஒரு பழைய சேலையில் சுற்றி, நான்கு ரப்பர் காம்புகளைச் சோப்புப் பெட்டிக்குள் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டோம். பெட்டி தொலைந்தாலும் அது தொலையக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி முடியும்வரை அவள் அந்தக் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி கைப்பையைத் திறந்து, கேனை வெளியே எடுத்தார். குழாயை நீட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மனைவி, வயிறு, ஆபரேஷன் என்று ஏதோ சொன்னேன். அவர் ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, கேனைத் தானே சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, என் மனைவியின் தோளைத் தொட்டு அனுப்பினார்.

வெளியே வந்ததும், "நல்ல பொம்பளைங்க. வயித்தத் தொறந்து காட்டினேன். கண்ணுல தண்ணி விட்டுட்டா" என்றாள். அன்று அவளுக்கு நல்ல தைரியம் இருந்தது.

மகள் வீடு பத்தாவது மாடியில். இரண்டு அறைகள், ஒரு கூடம், சமையலறையை ஒட்டி ஒரே குளியலறை. கக்கூஸும் அதற்குள்ளேயேதான். அதில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மாள், குழந்தை, இப்போது நாங்கள். முதல் நாள் தனியாக இருந்தபோது மகள் மெல்லச் சொன்னாள்.

"அம்மா, நான் இங்க இன்னும் சொல்லலைங்கம்மா. சொல்றதுக்கு நேரமே வரலைங்க."

"சொல்ல வேண்டாஞ் சாமி. எல்லாரும் வேலைக்குப் போனதுக்கப்பறம் நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. ஆண்கள் இருவரும் வேலைக்குப் போவார்கள். சம்பந்தியம்மாள் பத்து மணிக்கு மார்க்கெட்டுக்கு இறங்குவார். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குப் போதும். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வந்தது. சுவரில் ஆணி இல்லை, அதனால் கேனை நானே தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை வலிக்கும்போது மற்றக் கைக்கு மாற்றுவேன். "இந்த ஊருத் தண்ணி மெத்துனு இருக்குதுங்க" என்பாள். கழுவி முடித்துக் குளித்து வந்து குழந்தையை வாங்கினாள் என்றால் மாலைவரை இறக்க மாட்டாள். அந்தப் பத்து நாள் அவள் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில். கணக்கில் அது கழுவ வேண்டிய நாள். சனிக்கிழமையே மலேசியாவிலிருந்து சம்பந்தி வழி உறவினர்கள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். சாயங்காலம் பெரிய சமையல். இறால் குழம்பு, முட்டை, வெங்காயப் பச்சடி. "சம்பந்திம்மா, நீங்க கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கிறீங்க" என்று சம்பந்தியம்மாள் அன்போடு அள்ளி அள்ளி வைத்தார். மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் என் மனைவி சாப்பிட்டாள்.

காலையில் எழுந்தபோது வீடு நிறைய ஆட்கள். குளியலறை வாசலில் தோளில் துண்டோடு மூன்று பேர் நின்றார்கள். உள்ளே சம்பந்தி பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார். எட்டரைக்குச் சர்ச்சில் இருக்க வேண்டும்.

என் மனைவி அறைக்குள் கட்டிலின் ஓரத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, வயிறு ஒரு மாதிரி கடமுடங்குதுங்க. கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் குடுத்தாக்கூடப் போதும்."

"வந்து பண்ணிக்கலாம் புள்ள. ரெண்டு மணி நேரந்தான."

"இல்லீங்க. எனக்குப் பயமா இருக்குது. எனக்கு ஒடம்புக்கு ஆகலைன்னு சொல்லிக் கேளுங்க."

போனேன். சமையலறை வாசல்வரை போனேன். துண்டோடு நின்றவர்கள் எனக்கு வழி விட்டு, "என்ன அங்கிள், அவசரமா?" என்றார்கள். சம்பந்தி அப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்தார். "வாங்க சம்பந்தி, நீங்க போறீங்களா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? எஸ்டேட்டில் நூறு ஆட்களை விரட்டி வேலை வாங்கிய எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வரவில்லை. "இல்லீங்க, நீங்க எல்லாம் முடிங்க" என்று சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

அவளிடம், "கேட்டுப் பாத்தேன் புள்ள. இன்னைக்கு முடியாது போல. நேரமாகுதுங்கறாங்க" என்றேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பஞ்சை இரண்டு பங்காக வைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மகளுக்குப் பிடிக்கும் என்று கொண்டுவந்திருந்த சந்தன நிறப் பட்டுச் சேலையை உடுத்தினாள்.

ஆராதனையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. போதகர் குழந்தையின் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் அது வீறிட்டு அழுதது. மகள் குழந்தையை வாங்கி முதலில் தன் அம்மாவிடம்தான் கொடுத்தாள். குழந்தைக்கு முழங்கால்வரை தொங்கும் வெள்ளை லேஸ் கவுன். என் மனைவி அந்த அவசரத்தில் பழைய பழக்கத்தில் இடது பக்கமாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தை அழுகையில் கால்களை உதைத்தது. அவள் ஆட்டி ஆட்டி அதன் அழுகையை நிறுத்தினாள். பிறகு அவளே அசையாமல் நின்றுவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வாடை பரவியது. பின்வரிசையில் யாரோ, "பாப்பா வேலையக் காட்டிட்டா" என்று மெல்லச் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "குடுங்க சம்பந்திம்மா, மாத்திட்டு வர்றேன்" என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சம்பந்தியம்மாள் விளையாட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டார். கவுனைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே துணி சுத்தமாக இருந்தது. கறை கவுனின் வெளிப்பக்கம் இருந்தது. நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார். சந்தன நிறச் சேலையில் இடது பக்கம் முழுவதும் நனைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் கோட்டைக் கழற்றி மனைவியின் மேல் போட்டு, பக்கக் கதவு வழியாக வெளியே கூட்டி வந்தேன். மாப்பிள்ளை ஓடி வந்து வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, டாக்ஸி பிடித்து விட்டார். எல்லோரும் சர்ச் ஹாலில் விருந்தில் இருந்தபோது வீட்டில் யாருமே இல்லை. குளியலறை காலியாக இருந்தது.

"தண்ணி புடிங்க" என்றாள்.

கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதன் பிறகு சேலையைத் துவைத்தாள். நான் துவைக்கிறேன் என்றதற்குக் கையை நீட்டித் தடுத்தாள்.

மறுநாள் உறவினர்கள் போன பிறகு சம்பந்தியம்மாள் எங்கள் அறைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்ததும் கோபம் போய்விட்டது.

"ஏன் சம்பந்திம்மா மறைச்சீங்க? நாங்க என்ன மனுஷங்க இல்லையா? காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தனை பேரையும் கீழ் வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே."

என் மனைவி, "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சம்பந்தியம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குளியலறையைக் கழுவிவிட்டு, "நீங்க போங்க" என்று தானே வந்து கூப்பிட்டார். சம்பந்தி சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார். எல்லாம் எவ்வளவு சுலபமாக நடந்தது! ஆனால் என் மனைவி குழந்தையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். யாராவது நீட்டினால், "கை ஈரமா இருக்குதுங்க" என்பாள், "தூங்கற பாப்பா தூங்கட்டும்" என்பாள். மகள் இரண்டு நாள் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை. வந்தபோது, குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதைப் பற்றிப் பேசினாள். அம்மாவிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று வந்தவள் போல வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஊருக்குப் புறப்பட்ட நாள் விமான நிலையத்தில் மகள் குழந்தையை அம்மாவின் கையருகே கொண்டுவந்தாள். "ஒருக்கா வாங்கிக்குங்கம்மா" என்றாள். என் மனைவி குழந்தையின் காலை மட்டும் தொட்டு, விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் கழுவுவதை ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனால் தண்ணீர் காய வைப்பதையும் கேனை மாட்டுவதையும் அவளே செய்துகொண்டாள். "உங்களுக்கு எஸ்டேட்டுக்கு நேரமாகுதுங்க, போங்க" என்பாள். சில நாட்கள் போகாமல் வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் நானே பேச்செடுத்தேன். "மூப்பன் இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "ம்" என்றாள். அதற்குப் பிறகு நானும் விட்டுவிட்டேன்.

பால்வாடி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சர்ச்சுக்கு வருவதில்லை. சாப்பாடு சுருங்கியது. திட்டினால், "வயித்துக்குள்ள ஒண்ணும் போகாட்டி, வெளிய வரவும் ஒண்ணுமில்லீங்களே" என்பாள். மெலிவதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் மஞ்சள்காமாலை மாதிரி வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நோய் ஈரலுக்குப் போயிருந்தது. எங்கள் கவனக்குறைவால் வந்ததல்ல, எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்புகிறேன்.

கடைசி ஒரு மாதம் கழுவத் தேவைப்படவில்லை. துணி மாற்றினால் போதும். அதை நான் செய்ய அவள் விட்டாள். காப்பிப் பூவுக்கான மழை பெய்து, மலையெல்லாம் வெள்ளையாக மணந்த வாரம் அது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குள் அது பொங்கி வந்தது.

"அன்னைக்குச் சிங்கப்பூர்ல, காலைல..." என்றேன்.

அவள் என் கையிலிருந்த ஸ்பூனை மெல்லத் தள்ளினாள். "கஞ்சி போதுமுங்க" என்றாள். "நொம்பச் சூடா இருக்குது." கஞ்சி ஆறிப்போயிருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நான்காம் நாள் போய்விட்டாள்.

மகளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது, எட்டாம் மாதம். ஒரு வருஷம் கழித்து இரண்டு குழந்தைகளோடும் வந்தாள். கல்லறையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் குழந்தைகள் தூங்கிய பிறகு, அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து, பர்ஸிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நோய் தெரிந்த பிறகு அவள் அம்மா எழுதியது. பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதுவது போன்ற உருண்டையான எழுத்து.

"கண்ணு, நீ தலையைக் குனிஞ்சது எனக்கு வருத்தமில்லை. நீ அந்த ஊட்டுல வாழணும். மறைக்கச் சொன்னதும் நான்தான். அன்னைக்குக் காலையில அப்பா யாரையும் கேக்கலை. நான் கதவு இடுக்குல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சமையக்கட்டு வரைக்கும் போயிட்டுச் சிரிச்சுட்டுத் திரும்பிட்டாங்க. அவருக்கு அப்படிக் கேக்க வராது. ஆனா நாலு வருசமா எனக்குத் தண்ணி காய வெச்ச கை. அதை நீ நெனச்சுக்க. இதைப் பத்தி அவருகிட்ட எப்பவும் கேக்காத. கேட்டா ஒடஞ்சு போயிருவாங்க."

இரண்டு முறை படித்தேன். எழுத்து கலங்கியது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"கேக்க வேண்டாம்னு எழுதியிருக்காங்க. நான் கேக்கலைங்கப்பா. நீங்க படிக்கணும்னுதான் கொண்டாந்தேன்" என்றாள் மகள்.

"நெசந்தான் கண்ணு. நான் கேக்கல. கேட்டேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

அவள் அடுப்பில் கிடந்த விறகை உள்ளே தள்ளினாள். குற்றம் சொல்லும் குரலில் அல்லாமல், வெறுமனே நினைத்துப் பார்க்கிறவள் போலச் சொன்னாள்.

"கேட்டிருந்தா எங்க மாமா உடனே விட்டிருப்பாருங்கப்பா."

"தெரியும் கண்ணு" என்றேன்.